எல்லாப் பந்தும் முதல் தோசைதான்!

கோல்ப் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பரந்த பச்சைப் புல்வெளி. அதில் தொப்பி போட்ட கனவான்கள் நாலு பேர் நடந்து போகிறார்கள். நடுவில் நின்று ஒரு சின்ன வெள்ளைப் பந்தைத் தட்டுகிறார்கள். பிறகு மறுபடியும் நடக்கிறார்கள். "இதற்குப் போய் அப்பியாசம் வேறா? நடக்கத்தானே தெரிய வேண்டும்?" என்று நீங்கள் கேட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் இந்த வாரத் தபாலில் வந்த ஒரு கடிதம் என்னை இந்த விஷயத்தை எழுத வைத்துவிட்டது. பெங்களூரிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய பெண்ணுக்குப் பதினாலு வயது. இரண்டு வருஷமாகக் கோல்ப் பழகுகிறாள்.

"பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் பயிற்சி மைதானத்துக்கு அழைத்துக்கொண்டு போகிறேன். ஒன்றரை மணி நேரத்தில் இருநூறு பந்து அடிக்கிறாள். வாளி வாளியாகப் பந்து வாங்கியே வீட்டுச் செலவில் துண்டு விழுகிறது. அங்கே பார்க்கிறவர்கள் எல்லாம் 'பலே, பலே' என்கிறார்கள். போட்டி என்று வந்துவிட்டால் மட்டும் முதல் குழியிலேயே பந்து மரத்தடிக்குப் போகிறது. 'இவளுக்கு மனத் தைரியம் போதாது. நிறுத்திவிட்டுப் படிப்பைக் கவனிக்கட்டும்' என்கிறார் இவள் அப்பா. போன ஞாயிற்றுக்கிழமை குழந்தை தானே மட்டைப் பையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள். அதற்கப்புறம் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தைரியம் என்பது பிறவியில் வருவதா? இவளை விட்டுவிடலாமா?"

அம்மா, பையைப் பரணிலிருந்து கீழே இறக்குங்கள். உங்கள் பெண்ணின் தைரியத்தைப் பற்றி இப்போதைக்கு யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அவள் பழகுகிற ஆட்டம் ஒன்று, போட்டியில் ஆடுகிற ஆட்டம் வேறொன்று. அதுதான் சங்கடம். எப்படி என்று சொல்கிறேன். கோல்ப் பார்த்திராத நேயர்களும் கூட வரலாம். உங்கள் வீட்டில் வீணையோ, டைப்ரைட்டிங்கோ, கோலமோ பழகுகிற குழந்தை இருந்தால் அவளுக்கும் இதில் ஒரு சேதி உண்டு.

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம். மொத்தம் 18 குழிகள். ஒவ்வொரு குழியின் வாயும் 4¼ அங்குல அகலம். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கஜம் இருக்கும். குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளிலும் பந்தைப் போட்டவர் ஜெயித்தவர். நன்றாக ஆடுகிறவருக்கு இத்தனை அடி போதும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான மைதானங்களில் அது 72 அடி, அல்லது அதற்குச் சற்று முன்பின்னாக இருக்கும். பையில் 14 மட்டைகள்வரை வைத்துக்கொள்ளலாம். தூரம் அடிக்க 'டிரைவர்', நடுத் தூரத்துக்கு 'அயர்ன்' மட்டைகள், கிட்டத்திலிருந்து பந்தை எழுப்பிப் போட 'வெட்ஜ்', குழியருகே உருட்டிவிட 'பட்டர்'. (கோயில் பட்டரும் அல்ல, ரொட்டியில் தடவுகிற பட்டரும் அல்ல!)

ஒரு ஆட்டம் முடியச் சுமார் நாலு மணி நேரம் ஆகும். நாலு மணி நேரத்தை 72 அடிக்குப் பங்கு போட்டுப் பாருங்கள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மூன்று நிமிஷத்துக்கு மேல். உங்கள் பெண் பயிற்சி மைதானத்தில் ஒன்றரை மணியில் இருநூறு பந்து அடிக்கிறாள் என்கிறீர்கள். அரை நிமிஷத்துக்கு ஒரு பந்து! அதே விரிப்பு, அதே மட்டை, அதே திசை. முதல் பந்து இடது பக்கம் போனால் இரண்டாவதைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்புகிறாள். மூன்றாவது நேரே போகிறது. பிறகு கை தானாகவே ஓடுகிறது.

தோசை வார்க்கிற நமக்கு இந்த ரகசியம் தெரியாதா, என்ன? முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கும். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதிலிருந்து முறுகலாக, வட்டமாக, கரண்டி பட்டதும் கழன்று வரும். கல்லும் சூடேறிவிட்டது, கையும் பழகிவிட்டது. அந்தச் சமயத்தில் சமையலறைக்குள் எட்டிப் பார்க்கிறவர், "ஆகா, என்ன கைமணம்!" என்று சொல்லிவிட்டுப் போவார். முதல் தோசையை அவர் பார்க்கவில்லை அல்லவா?

கோல்ப் போட்டியில் எல்லாப் பந்தும் முதல் தோசைதான். அதுவும் எப்படிப்பட்ட முதல் தோசை? ஒன்றை வார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, மூன்று நிமிஷம் நடந்து, இன்னொரு வீட்டுக்குள் நுழைந்து, முன்பின் பார்த்திராத கல்லில் அடுத்ததை வார்க்க வேண்டும். அதுவும் இந்தத் தடவை தோசை இல்லை, ஊத்தப்பம். அதற்கடுத்த வீட்டில் ஆப்பம்! கெட்டுப்போனால் இன்னொன்று வார்த்துக்கொள்ளவும் முடியாது. இருநூறாவது தோசையை அழகாக வார்க்கப் பழகிய குழந்தை அங்கே தடுமாறினால் அதற்குப் பெயர் கோழைத்தனமா?

ஆராய்ச்சிக்காரர்களும் இந்த விஷயத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1979ல் அமெரிக்காவில் ஷே, மார்கன் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தினார்கள். கையில் ஒரு டென்னிஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு, எதிரே நிற்கும் சின்னச் சின்ன மரத் தடுப்புகளைச் சொன்ன வரிசைப்படி வேகமாகத் தட்டிவிட வேண்டும். மூன்று விதமான வரிசைகள். ஒரு கோஷ்டியார் முதல் வரிசையை முழுக்கப் பழகிவிட்டு இரண்டாவதற்கும், அதை முடித்துவிட்டு மூன்றாவதற்கும் போனார்கள். இன்னொரு கோஷ்டியாருக்கு மூன்றும் கலந்து கலந்து வந்தன. பயிற்சி நடக்கும்போது யார் கெட்டிக்காரர்களாகத் தெரிந்தார்கள்? ஒன்றையே திருப்பித் திருப்பிச் செய்தவர்கள்தான். கலந்து பழகியவர்கள் திண்டாடினார்கள். ஆனால் பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டுச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள்.

எல்லா வித்தையிலும் எல்லா வயதிலும் இதே அளவு வித்தியாசம் வந்துவிடவில்லை. மட்டையை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாத புதுக் குழந்தைக்குக் கொஞ்ச நாள் ஒன்றையே திரும்பச் செய்வதுதான் நல்லது. ஆனால் இரண்டு வருஷம் பழகியவளுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. நம் பாட்டு வாத்தியார்கள் சரளி வரிசையை ஒரு காலத்தோடு விடாமல் மூன்று காலத்திலும் பாடச் சொல்கிறார்களே, அந்த மாதிரி அவளுக்கும் இனிமேல் மாற்றி மாற்றி வர வேண்டும்.

"அப்படியானால் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் ஆயிரக்கணக்கில் பந்து அடித்தார்களாமே?" என்று சிலர் கேட்பார்கள். முக்கியமாக பென் ஹோகன் பெயரைச் சொல்வார்கள். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் 1912ல் பிறந்தவர். ஒன்பது வயதில் தகப்பனாரை இழந்தவர். போர்ட்வொர்த் ஊரில் 'கேடி' வேலை பார்த்தார். (பயப்படாதீர்கள்! ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடப்பவருக்கு அங்கே அதுதான் பெயர்.) 1930ல் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டார். தனியாக முதல் போட்டியை ஜெயித்தது 1940ல். நடுவில் பத்து வருஷம்! பிற்பாடு மிகப் பெரிய போட்டிகளில் ஒன்பது பட்டங்கள் வாங்கினார். அவர் மணிக்கணக்கில் பயிற்சி செய்தார் என்பது வாஸ்தவம்தான். ஆனால் அந்தக் காலத்துப் பயிற்சி எப்படி நடந்தது தெரியுமா? தூரத்தில் ஒரு பையன் கூடையோடு நிற்பான். அவன்தான் குறி. விழுகிற பந்தையெல்லாம் அவன் ஓடி ஓடிப் பொறுக்க வேண்டும். ஹோகன் அடித்தால் பையனுக்கு அதிகம் ஓட வேண்டிய வேலை இருக்காது என்று கதையாகச் சொல்வார்கள். கதை எப்படியானாலும், அவருடைய ஒவ்வொரு பந்துக்கும் எங்கே போக வேண்டும் என்று ஒரு விலாசம் இருந்தது. விலாசம் எழுதாத கடிதத்தை இருநூறு தடவை தபாலில் போட்டு என்ன பிரயோஜனம்?

சரி, ஒரு மணி நேரத்தை எப்படிப் பங்கிடலாம்? நாற்பது பந்து போதும். வாளிச் செலவும் குறையும்.

முதல் 10 நிமிஷம் சுருதி சேர்க்க. சின்ன மட்டையாக ஒரு வெட்ஜ். பாதி வீச்சில் பத்துப் பந்து. எங்கே போகிறது என்று கவலைப்பட வேண்டாம். உடம்பு இளகினால் சரி.

அடுத்த 15 நிமிஷம் ஒரே ஒரு திருத்தத்துக்கு. சொல்லிக்கொடுக்கிறவர் கடைசியாக எதைக் கவனிக்கச் சொன்னாரோ அதை மட்டும். பதினைந்து பந்து. குறிக்கு நேராகத் தரையில் ஒரு குச்சியைக் கிடத்திவிட்டு அதன் பக்கத்தில் நின்று அடிக்கட்டும். கை தப்புச் செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். பல சமயம் கால்கள் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் ஓர் அடி பின்னால் வந்து, என்ன நடந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிறகு அடுத்தது. ஒரே நாளில் மூன்று திருத்தம் கூடாது. மூன்று வைத்தியர்களிடம் ஒரே சமயத்தில் மருந்து சாப்பிடுகிற மாதிரி ஆகிவிடும்.

அடுத்த 15 நிமிஷம் மானசீக ஆட்டம். இதுதான் முக்கியம். அவளுக்குத் தெரிந்த ஒரு மைதானத்தை மனத்தில் கொண்டுவரட்டும். முதல் குழி, டிரைவர். பந்து வலது பக்கம் போய்விட்டதா? சரி, அங்கிருந்து குழிக்கு இன்னும் 150 கஜம் என்று வைத்துக்கொள். எந்த மட்டை? எடு, அடி. பிறகு ஒரு வெட்ஜ். அடுத்த குழிக்குப் போ. ஒரே மட்டையை இரண்டு தடவை தொடர்ந்து எடுக்கக் கூடாது. கெட்டுப்போன பந்துக்கு மறு பந்து கிடையாது. போட்டியில் செய்கிற மாதிரியே பந்துக்குப் பின்னால் நின்று குறி பார்த்து, ஒரு தரம் சும்மா வீசிப் பார்த்து, பிறகு வந்து நின்று அடிக்க வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு பந்து வீதம் பதினைந்து பந்து. இந்தக் கால் மணியில் அவள் வார்ப்பது பதினைந்தும் முதல் தோசை.

கடைசி 20 நிமிஷம் குழியருகே உள்ள பச்சையில். முதல் பத்து நிமிஷம் ஐந்தடி தள்ளி, பத்தடி தள்ளி, பதினைந்தடி தள்ளி என்று நடை போட்டு, தூரத்தை மாற்றி மாற்றி உருட்டட்டும். மிச்சப் பத்து நிமிஷம் பரீட்சை. ஒரே ஒரு பந்து. பச்சைக்கு வெளியே எங்காவது போட்டுவிட்டு, தூக்கிப் போட்டு, உருட்டி, குழிக்குள் விழும்வரை எத்தனை அடி என்று எண்ண வேண்டும். இப்படி ஆறு இடத்திலிருந்து. இரண்டு அடியில் முடிந்தால் சபாஷ். மொத்தத்தை எழுதி வைக்கட்டும். நேற்று 17, இன்று 16 என்று எண்ணிக்கை இருந்தால் ஆறாவது பந்தில் நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும்! அப்பா சொல்கிற தைரியம் இப்படித்தான் வரும். நெஞ்சு படபடக்கிற வேளையில் பந்தை உருட்டிப் பழகாதவளுக்குப் போட்டியில் திடீரென்று எங்கிருந்து வரும்?

எதற்கு எவ்வளவு நேரம் என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. 72 அடிக் கணக்கில் ஒரு குழிக்கு இரண்டு வீதம் 36 அடி உருட்டலுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால் பாதி நேரம் உருட்டலுக்குப் போக வேண்டும் என்று வெகு காலம் சொல்லிவந்தார்கள். கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர் மார்க் பிராடி பெரிய போட்டிகளின் அடிக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தார். நல்ல ஆட்டக்காரருக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில் இருக்கிறது என்று 2014ல் வந்த தம் புத்தகத்தில் காட்டினார். ஆக, பொது விதியை நம்புவதைவிட நம் வீட்டுக் கணக்கை நம்புவது மேல். பால் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எந்த அடியில் நஷ்டம் என்று நாலு வரி எழுதட்டும். ஒரு மாதம் போனால் பணம் எந்தச் சந்தில் போகிறது என்று தெரிந்துவிடும். அந்த இடத்துக்கு ஐந்து நிமிஷம் கூடக் கொடுக்கலாம்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் அடிப்பதைவிடத் தினம் ஒரு மணி மேல். 1978ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இது. பிரிட்டனில் தபால் இலாகா ஊழியர்களுக்கு டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பாட்லி, லாங்மன் என்ற இருவர் அவர்களைப் பல கோஷ்டிகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். தினம் ஒரு மணி மட்டும் பழகியவர்கள், தினம் நாலு மணி பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் வேலையைக் கற்றுக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த ஒரு மணிக்காரர்களுக்குத்தான் திருப்தி குறைவு! நாட்கணக்கில் பார்த்தால் மற்றவர்கள் முன்னால் போகிறார்களே என்ற ஏக்கம்.

இங்கேதான் அம்மா, உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. முதல் சில வாரங்கள் உங்கள் பெண் மோசமாக அடிப்பது போலத் தோன்றும். மட்டையை மாற்றி மாற்றி எடுத்தால் அழகாகத் தொடர்ந்து நேரே போகாது. 'பலே' என்றவர்கள், "என்ன, குழந்தைக்கு ஆட்டம் கெட்டுப்போய்விட்டதே?" என்பார்கள். அவளுக்கே அழுகை வரும். அந்தச் சமயத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு விடாதீர்கள். இரண்டு மாதம் பொறுங்கள். தீர்ப்பைப் பயிற்சி மைதானத்தில் எழுதாமல், போட்டிச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள். வீட்டுக்குத் திரும்பும்போது, "இன்றைக்கு எத்தனை பந்து?" என்று கேட்காமல், "இன்றைக்கு எதைக் கவனித்தாய்?" என்று கேளுங்கள். வாளியில் மிச்சமாகிற பணத்தில் மாதம் ஒரு நாள் முழு மைதானத்தில் ஆட விடுங்கள். அதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது.

உங்கள் ஊர்ப் பெண்ணே இதற்கு உதாரணம் இருக்கிறார். பெங்களூரில் 1998ல் பிறந்த அதிதி அசோக். 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நாலாவதாக வந்தார். ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் வெண்கலப் பதக்கம் கை நழுவியது. பந்தைத் தூரம் அடிப்பதில் அவர் அந்தப் போட்டியில் பலருக்குப் பின்னால்தான் இருந்தார். பச்சைக்கு வந்த பிறகுதான் அவருடைய கை பேசிற்று. அந்த நாலு நாளும் அவருக்குக் கேடியாகப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர் யார் தெரியுமா? அவருடைய அம்மா!

அவ்வளவு கனமான பையை நீங்கள் இப்போதே தூக்க வேண்டாம். மழை நாளில் பயிற்சி மைதானம் இல்லையென்றால் கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து, அதன் ஓரத்தில் ஒரு டம்ளரைப் படுக்க வையுங்கள். டம்ளர் வாய் நிஜக் குழியைவிடச் சிறியது. ஆறடி தள்ளி நின்று அதில் உருட்டிப் பழகினவளுக்கு மைதானத்துக் குழி கிணறு மாதிரி தெரியும். பெண் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது நீங்களும் ஒரு கை பாருங்கள். பத்துக்கு நாலு விழுந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். எவர்சில்வர் டம்ளரில் பந்து விழுந்தால் கணீரென்று சத்தம் கேட்கும். மாமியார் மத்தியானம் கண்ணயருகிற நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்!